நீரிணையின் இரு கரைகள் – 17: கல்லில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்

சென்ற இதழை 1942 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். மலாயாவிலிருந்து பின்வாங்கிய கடைசிப் படையணிகள் சிங்கப்பூருக்குள் போய்ச் சேர்ந்ததும், ஜோகூர் கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்து உடைத்தார்கள். அடுத்த ஒரு வாரம் நீரிணையின் வடகரை ஜப்பானியர் கையிலும் தென்கரை பிரிட்டிஷார் கையிலும் இருந்தன.

அந்த வாரத்தில் ஜப்பானியத் தளபதி யாமாஷிதா சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கத் திட்டமிட்டார். வடகிழக்கில்தான் இறங்கப் போகிறார் என்று எதிரணித் தளபதி பெர்சிவலை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்காக ராணுவ லாரிகள் இரவில் விளக்கை எரியவிட்டபடி கிழக்குப் பக்கமாக ஓடின. பிப்ரவரி 7 இரவு ஜப்பானிய அரச காவல் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு படை புலாவ் ஊபின் தீவில் இறங்கியது. பாசிர் கூடாங் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தீவு அது. மறுநாள் இரவு உண்மையான தாக்குதல் வடமேற்கே சரிம்புன் கரையில் தொடங்கியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

போரின் போக்கை இதோடு சற்று நிறுத்திவைப்போம். இந்தப் போரில் விழுந்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள், அவர்கள் கிடக்கும் இடத்தை இன்று யார் பார்த்துக்கொள்கிறார்கள், யாரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாமல் போனது என்பதே இந்த இதழின் விஷயம்.

மூவாரில் விழுந்த பிள்ளைகள்

மலாயாவில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் போரிட்டவர்களில் மிகப் பெரிய தொகுதி இந்தியப் படையினர். அவர்களில் 45-வது இந்திய பிரிகேட்டின் கதையை ஜோகூர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ராஜபுதன ரைஃபிள்ஸ், ஜாட், ராயல் கடுவால் ரைஃபிள்ஸ் ஆகிய ரெஜிமெண்டுகளிலிருந்து ஒவ்வொரு பட்டாளம் அதில் இருந்தது. வீரர்களில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். பாலைவனப் போருக்கென்று தயார்செய்யப்பட்டவர்களை 1942 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இறக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் மூவார் ஆற்றங்கரையில், அவர்கள் கண்டிராத ரப்பர் காட்டுக்குள், ஜப்பானின் தேர்ந்த படையொன்றுக்கு எதிரே நிறுத்தினார்கள்.

மூவாரிலும் பக்ரியிலும் நடந்த சண்டையில் அந்தப் பிரிகேட் சிதறியது. மூன்று பட்டாளங்களின் தளபதிகளும் மாண்டார்கள். பிரிகேடியர் டங்கன், எதிர்த்தாக்குதலுக்குத் தம் வீரர்களுக்கு முன்னால் ஓடியபோது கொல்லப்பட்டார். எஞ்சிய இந்தியர்களும் ஆஸ்திரேலியர்களும் லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமையில் பாரிட் சூலோங் பாலம்வரை போரிட்டபடியே வந்தார்கள். பாலம் எதிரியிடம் இருந்தது. நடக்க முடிந்தவர்கள் சதுப்புக் காட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. நடக்க முடியாத காயம்பட்டவர்களை விட்டுச் செல்வதைத் தவிர வழியில்லை. சுமார் 110 ஆஸ்திரேலியர்கள், 40 இந்தியர்கள். ஜனவரி 22 அன்று கைதிகளான அவர்களைச் சுட்டும் துப்பாக்கிக் கத்தியால் குத்தியும் கொன்று, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஒருசிலர் மட்டுமே தப்பினார்கள். அவர்களில் ஒருவரான லெப்டினன்ட் பென் ஹாக்னி பின்னர் சாட்சி சொன்னார். ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951-ல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

எரிந்துபோன அந்த உடல்களுக்குத் தனித்தனிக் கல்லறை எப்படி இருக்கும்? அவர்களுக்கென்று எஞ்சியது பெயர்தான். அந்தப் பெயர்களைத் தேடினால் நீரிணையைத் தாண்டிக் கிராஞ்சிக்குப் போக வேண்டும்.

கிராஞ்சி மேடு

உட்லண்ட்ஸுக்குப் பக்கத்தில், நீரிணைக்குத் தெற்கே ஒரு மேட்டின் சரிவில் இருக்கிறது கிராஞ்சி போர் மயானம். முதலில் அது போர்க்கைதிகள் தங்கள் தோழர்களைப் புதைத்த சிறு இடம். போர் முடிந்ததும் சாங்கியில் இருந்த பெரிய கைதிகள் மயானத்தை அதே இடத்தில் நிலையாகப் பாதுகாக்க முடியாது என்று தெரிந்தது. 1946-ல் சாங்கிக் கல்லறைகளைத் தோண்டியெடுத்துக் கிராஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். புவனா விஸ்தாவிலிருந்தும் தீவின் பல மூலைகளிலிருந்தும், பின்னர் சைகோனிலிருந்தும்கூட எச்சங்கள் வந்து சேர்ந்தன. இன்று இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,461 பேர் அங்கே அடக்கமாகியோ நினைவுகூரப்பட்டோ இருக்கிறார்கள். அங்கே 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் கிடப்பவர் யாரென்று தெரியாது.

மேட்டின் உச்சியில் எழுந்து நிற்பது சிங்கப்பூர் நினைவகம். 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்டது. கல்லறை எங்கே என்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்ட தரைப்படை, வான்படை வீரர்களின் பெயர்கள் அதன் தூண்களில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மலாயாவில் மாண்டவர்கள், கைதிகளாகச் சயாமில் மாண்டவர்கள், கைதிக் கப்பல்களோடு கடலில் மூழ்கியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். சிங் என்றும் கான் என்றும் ராம் என்றும் பெயர்கள் ஓடிக்கொண்டே போகும். பாரிட் சூலோங்கில் எரிக்கப்பட்டவர்களைப் போலக் கல்லறை கிடைக்காதவர்களின் இடம் அந்தத் தூண்கள்தான்.

அந்த நினைவகத்துக்கு நேர் பின்னால் இன்னொன்று இருக்கிறது. வருகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சிங்கப்பூர் தகன நினைவகம் என்று அதற்குப் பெயர். தங்கள் சமய முறைப்படி நெருப்புக்குக் கொடுக்கப்பட்ட சுமார் 800 பேரை அது நினைவுகூர்கிறது. பெரும்பாலோர் இந்தியப் படையினர். சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிற நம் வழக்கத்தில் நட்டுவைக்கக் கல்லறைக் கல் கிடையாது. ஆனாலும் பெயர் எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும் என்று உணர்ந்து கட்டியது அது. கிராஞ்சிக்குப் போகிற தமிழர்கள் முதலில் அங்கே போய்த் தலைவணங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்கிய வேலை

இத்தனை ஒழுங்கும் எங்கிருந்து வந்தது? 1914-ல் பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவொன்றை நடத்தியவர் ஃபேபியன் வேர். போர்க்களத்தில் அவசரமாகப் புதைக்கப்படுகிறவர்களின் இடத்தை யாரும் முறையாகக் குறித்துவைப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். தம் ஆட்களைக் கொண்டு குறிக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்பேடுகளிலிருந்து வளர்ந்ததுதான் 1917 மே 21 அன்று அரச சாசனத்தின்படி அமைந்த போர்க் கல்லறை ஆணையம். இன்றைக்கு அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட சுமார் 17 லட்சம் பேரின் நினைவை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது பேணுகிறது.

ஆணையம் தொடக்கத்திலேயே சில உறுதிகளை எடுத்துக்கொண்டது. உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. கொண்டுபோகலாம் என்றால் பணக்காரன் மகன் வீடு திரும்புவான், ஏழையின் மகன் அந்நிய மண்ணில் கிடப்பான் என்பதால் இந்த முடிவு. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பதவி, இனம், சமயம் பார்த்து வேறுபாடு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்புக்குக் கால எல்லை கிடையாது.

கடைசியாகச் சொன்ன உறுதிக்குத்தான் உழைப்பு அதிகம். நம் மழையிலும் வெயிலிலும் வெள்ளைக் கல் பச்சை பிடிக்காமல் நெடுநாள் நிற்காது. கல்லைக் கழுவ வேண்டும், மங்கிய எழுத்தை மறுபடி செதுக்க வேண்டும், வெடித்த கல்லை மாற்ற வேண்டும், புல்லை வெட்டி மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும். இந்த வேலை ஓர் ஆண்டு நின்றால் கிராஞ்சி மேட்டின் தோற்றமே மாறிவிடும். செலவை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு உறுப்பு நாடுகள் தத்தம் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே கிராஞ்சியில் கழுவப்படும் கல்லில் இந்தியர்களின் வரிப்பணமும் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தைச் சென்னையில் பார்க்கலாம். பரங்கிமலை – பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர் மயானம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஓரிடத்தில் சேர்த்து அமைத்தது. 856 கல்லறைகள். கடல் கடந்து வந்து நம் மண்ணில் மாண்ட பிள்ளைகளின் கல்லறைகள் நம் ஊரில் பேணப்படுகின்றன. நம்மவர்களின் பெயர்கள் நீரிணைக் கரையில் பேணப்படுகின்றன. எங்கோ ஒரு வீட்டில் மகனை இழந்தவர்களுக்கு, முகம் தெரியாத யாரோ அவன் கல்லைத் துடைக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

தீபகற்ப மலேசியாவில் இந்த ஆணையத்தின் முக்கியமான மயானம் தைப்பிங்கில் உள்ளது. போர்க்களங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் எடுத்துவந்து சேர்த்த 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயரில்லாதவை.

சமம் என்ற சொல் எல்லோரையும் சேரவில்லை

ஆணையத்தைப் பாராட்டியதோடு நிறுத்தினால் வரலாற்றுக்குத் துரோகம். 2021 ஏப்ரலில் ஆணையமே நியமித்த குழுவின் அறிக்கை வெளியானது. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை எந்த வகையிலும் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது. பஸ்ராவில் உள்ள நினைவகத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் எழுதினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டு வாரியாக எண்ணிக்கை மட்டும் எழுதினார்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சமத்துவ உறுதி எடுக்கப்பட்டு நூறாண்டு கழிந்தபின் வந்த மன்னிப்பு அது.

நம்மவர்களில் வேறொரு கூட்டமும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். வீழ்ந்த தோழர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் எஸ்பிளனேடில் நேதாஜி ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷ் படை மவுண்ட்பேட்டனின் உத்தரவின்படி அதைத் தகர்த்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995-ல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகை வைத்தது. ஒரே தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பியவர்களில் எந்தக் கொடியின்கீழ் மாண்டார் என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கல் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைத்த கல் உடைக்கப்பட்டது.

52-ம் எண்ணிலடங்காதவர்களும்

இப்போது மிகக் கனமான பகுதிக்கு வருகிறேன். சயாம் – பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளில் சுமார் 13,000 பேர் மாண்டார்கள். கைதிகள் தங்கள் தோழர்கள் சாகச் சாக, யார், எந்த நாள், எந்த இடம் என்று காவலர்களுக்குத் தெரியாமல் எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்களை மூங்கில் குழாய்களிலும் பிணக்குழிகளிலும்கூட மறைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு சிறு தேடல் குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போனது. 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. காட்டுக்குள், மழைக்குள், இரண்டாண்டுக்குப் பின். இன்று அவர்கள் காஞ்சனபுரி, சுங்கை, தான்பியூசயாட் ஆகிய மூன்று மயானங்களில் இருக்கிறார்கள்.

அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் கொண்டுபோனார்கள். ரப்பருக்குச் சந்தை இல்லாமல் தோட்டங்கள் பட்டினியில் கிடந்த காலம். கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லிச் சிலரைக் கூட்டிப் போனார்கள். படம் காட்டுவதாக அழைத்து லாரியில் ஏற்றினார்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஜோகூர்த் தோட்டங்களும் இதற்குத் தப்பவில்லை. 1943-ல் மழையோடு காலரா வந்தபோது அவர்களுடைய முகாம்களில் மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள், ஆற்றில் விட்டார்கள். பெயரை எழுதிவைக்க ஒருவரும் இல்லை.

ஆணையத்தின் சாசனம் ராணுவத்தினருக்கானது. தோட்டத் தொழிலாளிக்குப் படை எண் கிடையாது. ஆகவே அந்த மூன்று மயானங்களிலும் அவர்களுக்கு இடம் இல்லை. காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் என்ற புத்த ஆலயத்தில்தான் ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களுக்கு ஒரு சமாதி இருக்கிறது. நம் எழுத்தாளர்கள் இந்தக் கடனைத் தங்கள் தோளில் சுமந்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் கல் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டவை. மலேசியாவில் இறந்தவர்களின் குடும்பத்தினரும் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2023 மே மாதம் காஞ்சனபுரியின் அதே ஆலயத்தில் அவர்களுக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ரயில் பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்.

நட்ட பிறகு செய்ய வேண்டியது

இறந்த வீரனுக்குக் கல் எடுப்பது நமக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தில் இறந்தவனின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பெயரைக் கல்லில் பொறித்தவர்கள் நாம். தொல்காப்பியம் இந்தச் சடங்கை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது எல்லாம் நான்கு படியில் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகும் இரண்டு மீதம் இருக்கின்றன: படையலிடுவதும் வாழ்த்துவதும். நட்டதோடு கடமை முடிவதில்லை, வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உட்பொருள். ஆணையம் கிராஞ்சியில் செய்வதும் அதுவே. காஞ்சனபுரி நடுகல்லுக்கு அந்த ஐந்தாம் படியையும் ஆறாம் படியையும் யார் செய்வது?

அதைச் செய்ய முதலில் பெயர்கள் தெரிய வேண்டும். அவற்றைத் தேட வேண்டிய நம் பாசிர் கூடாங் இன்று வேறு ஊர். 1977-ல் ஜோகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2020-ல் மாநகர நிலை கிடைத்தது. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் எண்ணெய்த் தொட்டிகளும் ஆலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் போயின, தோட்டத்து ஆபீசின் பேரேடுகள் போயின, கூட வாழ்ந்தவர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர் இன்னார் என்று சொல்லக்கூடிய கடைசிச் சாட்சியம் பிளெந்தோங், மாசாய், பாசிர் கூடாங் தாமான் வீடுகளில் இருக்கும் மூத்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

போர்க்கைதிகளின் கல்லறைகளில் 52 தவிர எல்லாம் கிடைத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத் தாளில் பெயர் எழுதினார் என்பதுதான். நமக்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை. இருந்தும் எழுதவில்லை. இதைக் காலனிய அரசின் மீதும் ஜப்பானியர் மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. அவர்கள் பங்கு பெரியது. 1945-க்குப் பிறகான எண்பது ஆண்டுகளில் நம் பங்கும் இருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் கேட்பது இவ்வளவே. ஜூலை 31 மலேசியாவின் வீரர் தினம். அதற்குள் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம், அத்தையிடம், பெரியப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாதவர் யார்? பெயர், தகப்பன் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படைக்கா ரயிலுக்கா? தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் இன்னொன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் கொடுங்கள். இந்தியப் படையில் இருந்தவர் என்றால் ஆணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சிங்கப்பூர் போகிற நாளில் கிராஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

ஒரு குடும்பம் ஒரு பெயரை எழுதினால் போதும். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்று ஒத்திவைத்தால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

(அடுத்த இதழில்: 1943 – தோட்டத்து லயத்திலிருந்து காஞ்சனபுரி வரை.)